விருந்தினரின் ஆடை

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் நுழைபவர் தலையை மூடிக்கொண்டே நுழைய வேண்டும். அஜ்மீர் தர்காவிலும் அவ்வாறே. ஆனால் கண்டி தலதா மாளிகையில் தலையில் தொப்பியோடு நிற்பது மரியாதைக் குறைவு. கிறிஸ்தவ ஆலயத்தில் நுழையும் ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கின்றனர். குருவாயூரில் ஆண்கள் மேலாடையைக் களைந்து வேட்டியுடன் சன்னிதிக்குச் செல்கின்றனர். ரோமிலுள்ள புனித பேதுரு பேராலயத்திலோ தோளும் முழங்காலும் மறையாத உடையோடு வருபவர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். சமணக் கோயில்களில் தோலால் ஆன இடைவாரும் கைப்பையும் வெளியே தங்கிவிட வேண்டும்.

ஓரிடத்தில் மூடுவது பணிவு. வேறோரிடத்தில் களைவது பணிவு. இந்த வேறுபாடுகளைக் காணும் பயணியின் மனத்தில் இருவகை எண்ணங்கள் எழக்கூடும். ஒன்று, 'இவை அனைத்தும் வெறும் புறச்சடங்குகள். உள்ளம் தூய்மையாக இருந்தால் போதும், உடையைப் பற்றிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை' என்பது. மற்றொன்று, 'எங்கள் ஊர் வழக்கமே சரியானது. மற்றவை அறியாமையின் விளைவு' என்பது. முதலாவது எண்ணம் தாராள மனத்தைப் போலவும், இரண்டாவது குறுகிய மனத்தைப் போலவும் தோன்றும். ஆயினும் இரண்டிலும் ஒரே குறை உள்ளது. தான் சென்றிருக்கும் இடத்தில் வாழ்பவர் அந்த உடையின் வழியாக என்ன உணர்கிறார் என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

குறியும் பொருளும்

மரியாதை என்பது மனத்தின் ஒரு நிலை. மனத்தைப் பிறர் காண இயலாது. அது ஏதேனும் ஒரு குறியின் வழியாகவே வெளிப்பட வேண்டும். அந்தக் குறி எதுவாக இருக்க வேண்டும் என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை. நீருக்குத் தமிழில் ஒரு பெயர், வங்காளத்தில் ஒரு பெயர், பஞ்சாபியில் ஒரு பெயர். எந்தப் பெயரும் தாகத்தைத் தணிப்பதில்லை. ஆனால் தாகமெடுத்த பயணி, 'சொல் முக்கியமில்லை, பொருளே முக்கியம்' என்று தன் மொழியில் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் அவர் கையில் நீர் வந்து சேராது. ஆடை வழக்கங்களும் ஒருவகையில் மொழியே. தலையை மூடுவதும் திறப்பதும் வெவ்வேறு சொற்கள். அவை சுட்டும் பொருள் ஒன்று: 'இவ்விடத்தில் என்னைவிடப் பெரியது ஒன்று உள்ளது என்பதை அறிந்து நிற்கிறேன்.'

இந்த உண்மையைப் பழங்காலத்தினரும் உணர்ந்திருந்தனர். பாரசீகப் பேரரசர் தாரியஸ் தம் அவையிலிருந்த கிரேக்கர்களிடம், இறந்த தந்தையரின் உடலை உண்பதற்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்று கேட்டதாகவும், எவ்வளவு கொடுத்தாலும் செய்யோம் என்று அவர்கள் மறுத்ததாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். பின்னர் அரசர், பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடைய ஓர் இந்தியக் குடியினரிடம், கிரேக்கரைப் போல் உடலை எரிக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். அவர்களோ அச்சொல்லைக் கேட்கவும் அஞ்சிக் கூவினர். இக்கதை வரலாற்றுச் செய்தியா, கேள்விப்பட்டதா என்பது வேறு விஷயம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரு கூட்டத்தாரும் தந்தையை மதித்தனர். மதிப்பில் வேறுபாடில்லை, மதிப்பைக் காட்டிய முறையில்தான் வேறுபாடு. ஒருவரின் மரியாதை மற்றவருக்கு நிந்தனையாகத் தோன்றியது.

ஆகவே 'என் உள்ளம் தூயது' என்று சொல்வது பாதி விடையே. தூய உள்ளம் எதிரில் இருப்பவருக்குப் புரியும் குறியைத் தேடிக்கொள்ளும். தன் மரியாதையைத் தன் மொழியிலேயே பேசுவேன், புரிந்துகொள்வது அவர் பொறுப்பு என்பவர், அடுத்தவரை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு தம்மையே மதித்துக்கொள்கிறார்.

மிலான் நகரத்து வினா

கி.பி. நான்காம் நூற்றாண்டில், அகஸ்டின் இத்தாலியின் மிலான் நகரில் தங்கியிருந்தபோது அவருடைய அன்னை மோனிகா அங்கு வந்து சேர்ந்தார். ரோமில் சனிக்கிழமைகளில் உபவாசம் இருப்பது வழக்கம். மிலானில் அவ்வழக்கம் இல்லை. எதைப் பின்பற்றுவது என்று அன்னை கலங்கினார். மகன் நகரத்தின் ஆயரான அம்புரோசிடம் வினவினார். ரோமுக்குச் சென்றால் தாம் சனிக்கிழமை உபவாசம் இருப்பதாகவும், இங்கே இருப்பதில்லை என்றும், எந்த ஊர்த் திருச்சபைக்குச் சென்றாலும் அங்குள்ள வழக்கத்தைப் பின்பற்றினால் பிறருக்கு இடறல் நேராது, தமக்கும் இடறல் நேராது என்றும் அம்புரோசு விடையளித்தார். பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் இதை நினைவுகூர்ந்த அகஸ்டின், எங்கும் மாறாதவை சில, இடத்துக்கு இடம் மாறக்கூடியவை சில என்று பிரித்துக் காட்டி, இரண்டாம் வகையைச் சார்ந்தவற்றில் செல்லுமிடத்து வழக்கமே பின்பற்றத்தக்கது என்றார்.

நம் தர்ம சாஸ்திர மரபும் இதே பிரிவை வேறு பெயர்களால் அறிந்துள்ளது. வாய்மை, அஹிம்சை, பிறர் பொருள் விரும்பாமை முதலியவை சாமானிய தர்மம். அவை எல்லோருக்கும், எக்காலத்துக்கும் உரியவை. உணவு, உடை, உபசாரம் ஆகியவை பெரும்பாலும் தேசாசாரம். அவை இடத்தையும் காலத்தையும் சார்ந்தவை. தேசாசாரத்தைச் சாமானிய தர்மத்தின் பீடத்தில் ஏற்றிவைப்பவர், தம் ஊர் வழக்கத்தைக் கொண்டு உலகை அளக்கத் தொடங்குகிறார். தேசாசாரம் மாறக்கூடியதுதானே என்று அதை உதறுபவரோ, அதன் வழியாக வெளிப்படும் சாமானிய தர்மத்தையும் சேர்த்து உதறிவிடுகிறார். பிறரை வருத்தாமை அஹிம்சையின் ஒரு பகுதியாயின், வழிபாட்டில் ஆழ்ந்திருப்பவர் மனம் கலங்காதவாறு உடுத்துவதும் அஹிம்சையின் ஒரு பகுதியே.

அம்புரோசின் விடையில் இரண்டாவது பாதி எளிதில் மறக்கப்படுகிறது. தமக்கும் இடறல் நேராது என்றார் அவர். வேற்றூர் வழக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பின்பற்றி, ஊர் திரும்பியபின் அதைக் கேலிசெய்து பேசும் பயணி, உடலால் இணங்கினார், மனத்தால் இணங்கவில்லை. அவர் சென்று வந்த இடம் அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை.

கேட்டறிதல்

கன்பூசியஸ் பெருங்கோயிலுக்குள் சென்றபோது அங்கிருந்த ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்டார் என்பது சீன மரபில் வழங்கும் செய்தி. சடங்குகளை நன்கு அறிந்தவர் என்று பெயர் பெற்றவர் இப்படிக் கேட்கிறாரே என்று ஒருவர் ஏளனம் செய்ய, கேட்பதே சடங்கு என்று அவர் விடையளித்தார். செல்லுமிடத்தில் மரியாதையாக உடுத்துவது எப்படி என்ற வினாவுக்கு இதைவிடச் சுருக்கமான விடை கிடைப்பது அரிது. எல்லா ஊர்களின் வழக்கங்களையும் ஒருவர் மனப்பாடம் செய்ய இயலாது. புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள எவராலும் இயலும்.

இங்கே, தமக்குத் தெரியும் என்ற எண்ணமே பெரிய தடையாகிறது. கம்போடியாவின் அங்கோர் வாட் ஆலயம் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மனால் திருமாலுக்கு எழுப்பப்பட்டது. பின்னர் அது பௌத்தர்களின் வழிபாட்டிடமாயிற்று. இன்றும் அவ்வாறே விளங்குகிறது. இந்தியாவிலிருந்து செல்லும் பயணிக்குச் சுவர்ச் சிற்பங்களில் இராமாயணத்தையும் பாரதத்தையும் கண்டதும், 'இது நம் கோயில்' என்ற உவகை எழுவது இயல்பு. அந்த உவகையில், இது இன்று கெமர் மக்களின் புண்ணியத் தலம் என்பதை மறந்துவிடக் கூடாது. தோளும் முழங்காலும் மறையாத உடையில் வருவோருக்கு அனுமதியில்லை என்று அங்குள்ள நிர்வாகம் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது. உறவினர் வீடானாலும், இன்று அங்கு வாழ்பவரே இல்லத்தார்.

இந்தியாவுக்குள்ளும் இத்தகைய அறிவிப்புகள் பெருகிவருகின்றன. பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் 2024 ஜனவரி 1 முதல் அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், கையில்லாத உடை முதலியவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. மும்பை சித்தி விநாயகர் ஆலய அறக்கட்டளை 2025 ஜனவரியில் இத்தகைய விதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2015 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆலயங்களுக்கான உடை விதியைப் பிறப்பித்தது. 2016 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அவ்விதிக்கு அதே மாதத்தில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. முற்காலத்தில் யாத்திரிகர் பெரியோர்களுடன் சென்றனர். எங்கே எப்படி நடந்துகொள்வது என்பதை வழியிலேயே கற்றனர். இன்று ஒரே நாளில் கடற்கரை, கடைவீதி, கோயில் என்று சென்று திரும்பும் பயணியிடம் அதைச் சொல்ல உடன் எவரும் இருப்பதில்லை. பெரியோர் சொன்னதைப் பலகை சொல்கிறது. ஆனால் பலகையால் உடையைத்தான் மாற்ற இயலும். கேட்டறிந்து தாமே உடுத்தி வருபவரிடம் உள்ள மனநிலையைப் பலகை உண்டாக்குவதில்லை.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

இங்கே ஒரு தடை எழுகிறது. செல்லுமிடமெல்லாம் அங்குள்ளபடி உடுத்துவது போலித்தனம் ஆகாதா? தன் கொள்கை, தன் அடையாளம், தன் மானம் என்று ஒன்றுமே இல்லையா? இவ்வினாவை ஒதுக்கிவிட இயலாது. பிறருக்காகத் தன்னை முற்றிலும் மாற்றிக்கொள்பவரிடம் பிறருக்கு அளிக்க எதுவும் மீந்திராது.

சுவாமி விவேகானந்தர் 1893 ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து சென்னை அன்பர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சிக்கல் ஒரு நடைமுறைச் செய்தியாக வருகிறது. அவருடைய உடையைக் கண்டு தெருவில் மக்கள் கூடி ஆரவாரம் செய்தனர். அங்கு அவருக்கு ஆதரவளித்த பெண்மணிகளின் யோசனைப்படி வெளியே செல்ல நீண்ட கறுப்பு அங்கியை வாங்கிக்கொள்ளவும், காவி அங்கியையும் தலைப்பாகையையும் சொற்பொழிவு மேடைக்கென வைத்துக்கொள்ளவும் அவர் முடிவு செய்தார். தெருவில் நடக்கும்போது அவர் அவ்வூரின் விருந்தினர். அங்கு வேடிக்கைப் பொருளாவதால் எவருக்கும் பயனில்லை. மேடையில் அவர் ஒரு மரபின் பிரதிநிதி; அங்கு காவி அவர் பேசும் செய்தியின் ஒரு பகுதி. எங்கே இணங்குவது, எங்கே நிலைத்து நிற்பது என்ற பகுத்தறிவு அம்முடிவில் உள்ளது.

காந்தியடிகளின் வாழ்வில் இப்பகுத்தறிவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1893-இல் அவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வந்திறங்கிய சில நாட்களில், நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தபோது தலைப்பாகையை எடுக்குமாறு நீதிபதி கூறினார். காந்தி மறுத்து வெளியேறினார். மறு ஆண்டு அவர் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்யப்பட்டபோது, தலைமை நீதிபதி அதையே கேட்டார். இம்முறை காந்தி இணங்கினார். நண்பர்கள் வருந்தினர், முன்பு காட்டிய உறுதி எங்கே என்று கேட்டனர். இந்தியாவில் ஓர் ஆங்கில அதிகாரி வற்புறுத்தினால் மறுப்பது சரியாக இருக்கலாம். இந்த நீதிமன்றத்தின் அலுவலர்களுள் ஒருவராகிவிட்ட பின் அதன் வழக்கத்தை மீறுவது முறையன்று என்று அவர் விளக்கினார். பெரிய போராட்டங்களுக்குத் தம் வலிமையைச் சேமிக்க வேண்டும் என்பதும் அவர் எண்ணமாக இருந்தது.

அதே காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில், ஏழை விவசாயியின் அரையாடையையே இனித் தம் உடையாகக் கொள்வதென முடிவு செய்தார். 1931 நவம்பரில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் அளித்த வரவேற்புக்கும் அவ்வுடையிலேயே, மேலே ஒரு சால்வையுடன் சென்றார். அரண்மனை வழக்கத்தை மதிக்கத் தவறினார் என்று அதைச் சொல்ல இயலுமா? டர்பன் தலைப்பாகை அவருக்கு வழக்கமாக இருந்தது, அரையாடையோ விரதம். உடுக்கத் துணியின்றி வாழும் கோடிக்கணக்கானோருக்காக அவர் ஏற்ற உண்மையை, ஓர் அரசரின் முன்னிலைக்காகக் களைந்தால் அந்த உண்மையே பொய்யாகிவிடும். வசதியையும் விருப்பத்தையும் விருந்தோம்புபவருக்காக விட்டுக்கொடுக்கலாம். ஏற்றுக்கொண்ட சத்தியத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பயணிகளிடம் கேட்கப்படுவது முதல் வகையைச் சார்ந்ததே. வெயிலில் சற்று நீளமான உடை, தலையில் ஒரு துணி, அரை மணி நேரத்துக்குக் களைந்து வைக்கும் மேலாடை ஆகியவை விரதங்கள் அல்ல. அவற்றைக் கொள்கைப் போராட்டமாக்குவது, சிறிய அகங்காரத்துக்குப் பெரிய பெயர் சூட்டுவதாகும்.

வழக்கம் அநீதியானால்?

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு எல்லா வழக்கங்களும் வணங்கத்தக்கவை என்று முடிவு செய்துவிடக் கூடாது. 'மரியாதை' என்ற சொல்லே அநீதிக்குத் திரையாக இருந்த காலம் உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கிய திருவிதாங்கூரில், உயர்ந்தவராகக் கருதப்பட்டோர் முன்னிலையில் மார்பை மூடாமல் நிற்பதே தாழ்த்தப்பட்ட சாதியினர் காட்ட வேண்டிய மரியாதை என்று விதிக்கப்பட்டிருந்தது. நாடார் பெண்கள் தோள்சீலை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டனர். அரை நூற்றாண்டு நீடித்த போராட்டத்திற்குப் பின், 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட பிரகடனம் அவர்கள் மேலாடை அணிவதை அனுமதித்தது. அப்போதுங்கூட, உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடை நீடித்தது.

பொற்கோயிலில் தலையை மூடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்ன? பொற்கோயிலில் செல்வரும் வறியவரும், ஆணும் பெண்ணும் தலையை மூடியே வணங்குகின்றனர். அக்குறி எல்லோரையும் பெரியதொன்றின் முன் சமமாக நிறுத்துகிறது. தோள்சீலைத் தடையோ ஒரு மனிதரை மற்றொரு மனிதரின் முன் தாழ்த்தி நிறுத்தியது. ஓர் ஆடை வழக்கத்தை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை: அது யாரை, யார் முன் பணியச் செய்கிறது?

இந்த அளவுகோலைப் பிறர் வீட்டில் எடுத்துப் பயன்படுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. சிவகிரி மடத்தின் தலைவர் சுவாமி சச்சிதானந்தா 2024 டிசம்பர் 31 அன்று, ஆண்கள் மேலாடையைக் களைந்து ஆலயத்துக்குள் செல்லும் வழக்கம் பூணூல் அணிந்தவரா என்று அறிவதற்காக ஏற்பட்டது என்று கூறி, அதைக் கைவிட வேண்டும் என்றார். மறுத்தவர்களும் இருந்தனர், கேரளத்தில் விவாதம் எழுந்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி ஆலயத்தில் 2016 நவம்பரில் பெண்கள் சுடிதார் அணிந்து வரலாம் என்று நிர்வாக அலுவலர் அனுமதித்தார். டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அம்முடிவை ஏற்கவில்லை. வழக்கங்கள் கல்லில் பொறித்தவை அல்ல. அந்த மரபுக்குள் வாழ்வோர் வாதிட்டும் சிந்தித்தும் அவற்றைக் காக்கின்றனர் அல்லது மாற்றுகின்றனர். அம்மரபின் சுமையைச் சுமப்போருக்கே அவ்வாதத்தில் முதல் உரிமை. ஒரு நாள் தரிசனத்துக்கு வந்தவர் வாயிற்காவலரிடம் உரத்த குரலில் நடத்தும் வாதத்தால் எந்த வழக்கமும் திருந்தியதில்லை.

மிகக் கடினமான நிலை ஒன்றும் உள்ளது. ஈரானில் 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு, பெண்கள் பொது இடங்களில் தலைமுடியை மறைப்பது 1983-இல் சட்டமாக்கப்பட்டது. வெளிநாட்டுப் பெண்களும் அதற்கு உட்படுத்தப்பட்டனர். 2022 செப்டம்பரில், உடை விதியை மீறியதாகக் கைது செய்யப்பட்ட 22 வயதுப் பெண் மாஸா அமினி காவலில் இருந்தபோது உயிரிழந்தார். அந்நாட்டுப் பெண்கள் பலர் வீதிக்கு வந்து தலைத்துணியைக் களைந்தனர். அத்தகைய நாட்டுக்குச் செல்லும் பெண் பயணி என்ன செய்வது? தலைத்துணி அணிந்து செல்லலாம். மனசாட்சி இடம் தராவிடில் செல்லாமலே இருக்கலாம். இரண்டும் நேர்மையான வழிகளே. ஆனால் அங்கே சென்று விளையாட்டாக விதியை மீறி, விளைவை உள்ளூரில் இருப்போர் தலையில் சுமத்திவிட்டு விமானம் ஏறுவது நேர்மையன்று. அழைத்துச் சென்ற வழிகாட்டியும், இடமளித்த விடுதிக்காரரும், உடன் நடந்த தோழியும் அங்கேயே வாழ வேண்டியவர்கள். அதேபோல், நான்கு நாட்கள் அணிந்த தலைத்துணியோடு எடுத்த படத்தைக் காட்டி 'எவ்வளவு அழகிய பண்பாடு' என்று வியந்து பேசுவதும், அதை வாழ்நாளெல்லாம் விருப்பமின்றி அணிபவரின் துயரைக் காணாத பேச்சாகும். விருப்பத்தோடு அணிபவரும் அங்கே உள்ளனர் என்பதையும் பயணி மறக்கலாகாது. இரு தரப்பினர் பேசுவதையும் செவிமடுப்பதே அவர் செய்யக்கூடியது.

விருந்தோம்புபவரின் கடமை

மரியாதை ஒருவழிப் பாதை அன்று. விருந்தினருக்கு ஒரு தர்மம் இருப்பதுபோல் வரவேற்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு. பொற்கோயிலின் வாயிலில், தலையை மூடத் துணி கொண்டுவராதவர்களுக்காகத் துணிகள் வைக்கப்பட்டுள்ளன. எவரும் கடிந்துகொள்வதில்லை, ஒரு துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே செல்லலாம். விதியும் காக்கப்படுகிறது, வந்தவரின் மானமும் காக்கப்படுகிறது. அறியாமல் வந்தவரை அவமதித்துத் திருப்பி அனுப்புமிடத்தில், விதி காக்கப்பட்டாலும் அவ்விதி எதற்காக ஏற்பட்டதோ அந்தப் பணிவு காக்கப்படுவதில்லை.

2014-ஆம் ஆண்டு, கையில் புத்தரின் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண் இலங்கையில் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவர் புத்தரை இகழ்ந்தவர் அல்லர். பௌத்த தியானம் பயின்றவர். தம் பக்தியின் குறி அந்நாட்டில் நிந்தனையாகப் படிக்கப்படும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. 2017-இல் இலங்கையின் உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதென்று கூறி அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. புறப்படுமுன் கேட்டறிந்திருக்கலாம் என்பது பயணிக்கான பாடம். குறியைக் கண்டு கோபம் கொள்ளுமுன் அதன் பொருளைக் கேட்டிருக்கலாம் என்பது மற்றவர்களுக்கான பாடம்.

உடை விதிகளின் பெரும்பகுதி பெண்கள்மீதே விழுகிறது என்பதையும் விருந்தோம்புவோர் எண்ணிப்பார்க்க வேண்டும். புனிதத்தைக் காக்கும் பொறுப்பு ஆண், பெண் இருவருக்கும் உரியது. அரைக்கால் சட்டையோடு வரும் ஆணைக் காணாத கண், பெண்ணின் உடையை மட்டும் அளக்குமானால், அங்கே காக்கப்படுவது புனிதம்தானா என்ற ஐயம் எழும். ஒருவரின் உடை எவ்வாறிருப்பினும் அவரிடம் தவறாக நடக்க அது எவருக்கும் உரிமை அளிப்பதில்லை.

பயணத்துக்கு முன்

நடைமுறையில் பயணி செய்ய வேண்டியவை மிகச் சில. செல்லுமிடத்தின் வழக்கத்தை அங்கு வாழ்பவரிடமோ, சென்று வந்தவரிடமோ கேட்டறிதல். தோள் முதல் முழங்காலுக்குக் கீழ்வரை மறைக்கும் தளர்வான பருத்தி உடை, ஆண்களுக்கு ஒரு வேட்டி, இருபாலருக்கும் ஒரு நீண்ட மேல்துண்டு அல்லது துப்பட்டா, எளிதில் கழற்றக்கூடிய காலணி ஆகியவை இருந்தால் உலகின் பெரும்பாலான வழிபாட்டிடங்களுக்குப் போதும். தெய்வ உருவங்களோ புனித எழுத்துகளோ அச்சிட்ட துணியைத் தவிர்ப்பது நல்லது. ஒருவருக்கு அலங்காரமாக இருப்பது மற்றவருக்கு ஆராதனைக்குரியது. அங்குள்ளோரின் புனித உடையை வேடமாகப் போட்டுக்கொள்வதும் தவறு. துறவின் காவியும் விரதத்தின் மாலையும் அவற்றை ஏற்றவர்களுக்கு உரியவை. படம் எடுத்துக்கொள்வதற்காக அணியப்படும்போது அவை விலை மலிந்துபோகின்றன. அடக்கமாக உடுத்துவதற்கு அவர்களைப் போலவே உடுத்த வேண்டும் என்ற அவசியமில்லை. தவறு நேர்ந்து எவரேனும் சுட்டிக்காட்டினால், நன்றி கூறித் திருத்திக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. அந்த ஆடைப் பாதியைச் செல்லுமிடத்தவரின் மனமறிந்து உடுத்துபவர், அன்று அவர்களைப் பற்றி ஒரு கணமேனும் சிந்தித்திருக்கிறார். தன் பழக்கம், தன் வசதி, தன் அழகு என்று தன்னையே சுற்றிவரும் மனத்திற்கு அந்தக் கணம் ஒரு சிறிய சாதனை. தலையில் கட்டிய துணியை வாயிலில் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதைக் கட்டும்போது பழகிய பணிவை வீட்டுக்கும் எடுத்துவரலாம்.